இழிந்ததும் பொதுவானதும்: ‘மீன்’ என்ற ஆங்கிலச் சொல்லின் கதை



நினைவுச் சொற்பொழிவு என்றால் மறைந்தவரைப் பற்றிப் பேச வேண்டும். ஆசிரியர் நடத்திய இரவுப் பள்ளியைப் பற்றியும், கூலி உயர்வுப் போராட்டத்தில் அவர் நின்ற விதம் பற்றியும் எனக்கு முன் பேசிய தோழர்கள் என்னைவிட நன்றாகவே சொல்லிவிட்டார்கள். நான் அவரிடம் ஆங்கிலம் படித்தவன். அதனால் அவர் சொல்லிக்கொடுத்த ஒரே ஒரு சொல்லைப் பற்றி மட்டும் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

எட்டாம் வகுப்பு. ஆதிதிராவிடர் நலப் பள்ளி. பாடத்தில் ‘மீன்’ என்று ஒரு சொல் வந்தது. நாங்கள் சிரித்தோம். “சார், மீன்னா நம்ம ஏரி மீனா?” என்று ஒருவன் கேட்டான். அவர் கோபப்படவில்லை. கரும்பலகையில் மூன்று வாக்கியம் எழுதினார். நீ என்ன சொல்ல வருகிறாய் என்று கேட்கும் ‘வாட் டூ யூ மீன்’ ஒன்று. கணக்கில் சராசரியைக் குறிக்கும் ‘மீன்’ இன்னொன்று. ‘ஹி இஸ் எ மீன் மேன்’, அவன் அற்பமானவன், மூன்றாவது. “மூணும் மூணு வீட்டுப் பிள்ளைங்கடா, பேரு மட்டும்தான் ஒண்ணு. இதுல மூணாவது பையன் நம்ம தெருவுல பொறந்தவன்” என்றார். அன்றைக்கு எங்களுக்கு அது விளங்கவில்லை. எனக்கு விளங்க இருபது வருடம் ஆயிற்று.

முதல் இரண்டு பிள்ளைகளைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். ‘கருது’, ‘பொருள்படு’ என்கிற வினைச்சொல் பழைய ஜெர்மானியச் சொல். ஜெர்மன் மொழியில் இன்றும் ‘மைனென்’ என்று இருக்கிறது. சராசரியைக் குறிக்கும் ‘மீன்’ லத்தீனில் நடு என்று பொருள்படும் ‘மேடியானுஸ்’ என்ற சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக இங்கிலாந்துக்கு வந்தது. இந்த இரண்டுக்கும் தங்களுக்குள் உறவு இல்லை. மூன்றாவதோடும் பிறப்பால் உறவு இல்லை.

மூன்றாவது பையனின் பழைய ஆங்கிலப் பெயர் ‘யெமேனெ’. பலருக்கும் உரியது, பங்குபோட்டுக்கொள்வது, பொதுவானது என்று பொருள். இரண்டு ஊர் மாடுகள் மேயும் ஒரே புல்வெளியை அந்தச் சொல்லால் குறிக்கலாம். அதில் இழிவு என்ற நிழலே கிடையாது. காலப்போக்கில் முன்னால் இருந்த ‘யெ’ உதிர்ந்து ‘மீன்’ ஆனது. லத்தீனில் ‘கொம்மூனிஸ்’ என்று ஒரு சொல் உண்டு. ‘காமன்’, ‘கம்யூனிட்டி’, ‘கம்யூனிசம்’ எல்லாம் அதன் வாரிசுகள். மொழியியலாளர்கள் இந்த ‘கொம்மூனிஸ்’ஸும் அந்த ‘யெமேனெ’யும் ஒரே தொன்மையான மூலத்திலிருந்து கிளைத்தவை என்கிறார்கள். அந்த மூலத்தின் பொருள் கொடுக்கல் வாங்கல், கைமாற்றிக்கொள்வது. ஆக, அற்பன் என்று திட்டும் சொல்லும் கம்யூனிஸ்ட் என்ற சொல்லும் தூரத்துப் பங்காளிகள். இங்கே இருக்கும் இடதுசாரித் தோழர்கள் வருத்தப்பட வேண்டாம், பெருமைப்படலாம்.

பொதுவானது என்ற சொல் எப்படி அற்பமானது என்று ஆயிற்று? 14ஆம் நூற்றாண்டுவாக்கில் ‘மீன்’ என்றால் கீழ்நிலையில் உள்ளவர், எளிய பிறப்புடையவர் என்று ஆகிவிட்டது. எல்லோருக்கும் உரியது எதுவோ அது எளியவர்களுக்கும் உரியது. எளியவர்களுக்கும் உரியது என்றால் பெரியவர்களுக்கு அதில் சிறப்பு ஒன்றும் இல்லை. ஆகவே மட்டம். நடு என்ற பொருள் கொண்ட இன்னொரு ‘மீன்’ பக்கத்தில் இருந்தது. சுமார், இரண்டாந்தரம் என்ற வாடை அதிலிருந்தும் வந்து ஒட்டிக்கொண்டது. 17ஆம் நூற்றாண்டில் கஞ்சத்தனம் என்ற பொருள் சேர்ந்தது. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் கொடுமைக்காரன், கெட்ட குணமுள்ளவன் என்ற பொருளும் வந்தது. பங்கிட்டு வாழ்வதைக் குறித்த ஒரு சொல், பங்கு கொடுக்க மனமில்லாதவனைக் குறிக்கும் சொல்லாக முடிந்தது என்பதுதான் இதில் கொடுமை.

கஞ்சத்தனம் என்ற இடத்தில் கொஞ்சம் நிற்கலாம். இதற்கு எதிர்ச்சொல்லாக ஆங்கிலத்தில் ‘ஜெனரஸ்’ என்பார்கள், வாரி வழங்குபவர். அந்தச் சொல்லின் பழைய பொருள் நல்ல குலத்தில் பிறந்தவர் என்பதுதான். லத்தீனில் ‘கெனுஸ்’ என்றால் குலம். அடுத்தவன் உழைப்பில் விளைந்த நெல்லை மரக்கால் மரக்காலாக அளந்து கொடுக்கிறவர் வள்ளல். ஒரு நாள் கூலியை மூன்று நாளைக்குப் பிரித்து வைக்கிறவள் கஞ்சம். எங்கள் அம்மா முந்தானையில் முடிந்துவைத்த ரூபாயை அவிழ்க்க எடுத்துக்கொள்ளும் நேரத்தை நினைத்துப் பார்க்கிறேன். அகராதி எழுதியவர்கள் அந்த முடிச்சைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

இது ஒரு சொல்லுக்கு மட்டும் நேர்ந்த விபத்து என்று நினைக்க வேண்டாம். சி. எஸ். லூயிஸ் 1960இல் சொற்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். சமூக அந்தஸ்தைக் குறித்த சொற்கள் மெல்ல மெல்லக் குணத்தைக் குறிக்கும் சொற்களாக மாறுவதை அதில் எடுத்துக்காட்டுகிறார். ‘நோபிள்’ என்றால் பிரபு குலம், பிறகு உயர்ந்த குணம். ‘ஜென்டில்’ என்றால் குடிப்பிறப்பு, பிறகு மென்மை. கீழே இருந்தவர்களுக்கு நேர் எதிர். ‘நேவ்’ என்றால் முதலில் பையன், பிறகு வேலைக்காரப் பையன், கடைசியில் அயோக்கியன். ‘சர்ல்’ என்றால் சாதாரணக் குடியானவன், பிறகு முரடன். ‘லூட்’ என்றால் பாதிரியார் அல்லாத சாமானியன். அவன் எழுத்தறியாதவன், ஆகவே நாகரிகமற்றவன், ஆகவே காமுகன் என்று படிப்படியாக இறக்கினார்கள்.

இவற்றில் நமக்கு மிகவும் பழக்கமானது ‘வில்லன்’. லத்தீனில் ‘வில்லா’ என்றால் பண்ணை. பண்ணையோடு கட்டப்பட்ட உழவன் பழைய பிரெஞ்சில் ‘விலைன்’. தமிழில் சரியாகச் சொன்னால் பண்ணையாள். இங்கிலாந்தில் நிலத்தை விட்டுப் போக உரிமையில்லாத உழவர்களின் பெயர் அதுதான். 1381இல் அங்கே உழவர்கள் எழுந்தபோது, ஜான் பால் என்ற பாதிரியார் பிரபு என்றும் பண்ணையாள் என்றும் கடவுள் யாரையும் படைக்கவில்லை என்று பிரசங்கம் செய்தார். அவரைக் கொன்றார்கள். சொல்லையும் விட்டுவைக்கவில்லை. பண்ணையாள் என்ற சொல் கொடியவன் என்று ஆனது. நம் சினிமாவைப் பாருங்கள். சவுக்கை எடுத்துக்கொண்டு வரும் பண்ணையாரை நாம் வில்லன் என்கிறோம். அடிக்கிறவனுக்கு அடிவாங்குகிறவன் பெயரை வைத்துக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறோம்!

சிரிப்பதோடு இது முடிந்தால் பரவாயில்லை. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்கள். வழக்கு உயர்நீதிமன்றம் போனது. நிலமும் காரும் வைத்திருக்கும் செல்வந்தர்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்கிற தர்க்கம் தீர்ப்பில் இடம்பெற்றது. எல்லோரும் விடுதலை. லூயிஸ் மொழியில் கண்டதை நாம் நீதிமன்றத்தில் கண்டோம். பெரிய மனிதர் என்றால் பெரிய குணம். ‘ஜென்டில்மேன்’ தீ வைக்க மாட்டார்.

இந்தச் சொல் தமிழுக்குள் வந்தபோது என்ன ஆனது என்பதற்கு ஒரு சின்னச் சாட்சி இருக்கிறது. 1611இல் வெளிவந்த ஆங்கில விவிலியத்தில், நீதிமொழிகள் 22ஆம் அதிகாரத்தின் கடைசி வசனத்தில் ‘மீன் மென்’ என்று வருகிறது. வேலையில் கருத்தாயிருப்பவன் அரசர்கள் முன் நிற்பான், இவர்கள் முன் நிற்க மாட்டான் என்பது கருத்து. எபிரேய மூலத்தில் அந்த இடத்தில் இருப்பது இருட்டு என்ற வேரிலிருந்து வந்த சொல். வெளிச்சத்துக்கு வராதவர்கள், பேர் தெரியாதவர்கள், அவ்வளவுதான். ஆங்கிலத்தில் அவர்கள் எளியவர்கள் ஆனார்கள். நம் சபைகளில் வாசிக்கப்படும் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் ‘நீசர்’ ஆகிவிட்டார்கள். நீசர் என்ற சொல் இந்த மண்ணில் யாரைப் பார்த்துச் சொல்லப்பட்டது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் நம் சனங்கள் அந்த வசனத்துக்கு ஆமென் சொல்லியிருக்கிறார்கள்.

இப்போது ஆசிரியர் சொன்ன ‘நம்ம தெருவுல பொறந்தவன்’ என்பதற்கு வருகிறேன். ஆங்கிலத்தில் பொது என்ற சொல் கீழே விழுந்தது. ‘மீன்’ மட்டுமல்ல, ‘காமன்’ என்பதும் மேட்டுக்குடியினர் வாயில் வசைதான். ஆனால் தமிழில் ‘பொது’ விழவில்லை. பொதுநலம், பொதுவாழ்வு, பொதுமறை என்று அது மரியாதையாகவே இருக்கிறது. ஏன்? நாம் அவர்களைவிடச் சமத்துவமானவர்களா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. இங்கிலாந்தில் எளியவர்கள் பொதுவுக்குள் இருந்தார்கள், அதனால் மேலே இருந்தவர்கள் அந்தச் சொல்லை அழுக்காகப் பார்த்தார்கள். இங்கே எளியவர்களைப் பொதுவுக்கு வெளியே நிறுத்தினார்கள், அதனால் அந்தச் சொல்லில் அழுக்குப் படவே இல்லை. தமிழ்ப் ‘பொது’வின் சுத்தம் தீண்டாமையின் சுத்தம்.

கோயில் திருவிழா போஸ்டரை எடுத்துக்கொள்ளுங்கள். கீழே ‘இங்ஙனம், ஊர்ப் பொதுமக்கள்’ என்று போட்டிருக்கும். அந்தப் பொதுமக்களில் காலனி உண்டா? தலைக்கட்டு வரி வாங்கும்போது எங்கள் தெருவுக்கு ஆள் வராது. வரி வாங்கினால் தேர்வடத்தில் கைவைக்க உரிமை வந்துவிடும். சில ஊர்களில் நம் ஆட்கள் “எங்க வரியையும் வாங்கிக்கங்க” என்று மனு கொடுத்துப் போராட வேண்டியிருக்கிறது. வரி கட்ட விடு என்று போராடிய மக்கள் உலகத்தில் வேறு எங்காவது உண்டா என்று ஆசிரியர் கேட்பார்.

‘பொது’ என்ற சொல்லை நம்பி நாம் உள்ளே போகும் கணத்தில் அது என்ன ஆகிறது என்பதை மகாத் நமக்குக் காட்டியது. 1923இல் பம்பாய்ச் சட்டமன்றம் பொது நீர்நிலைகள் எல்லோருக்கும் திறந்தவை என்று தீர்மானம் போட்டது. மகாத் நகராட்சியும் சவுதார் குளத்தைத் திறந்துவிட்டதாக அறிவித்தது. 1927 மார்ச் 20 அன்று பாபாசாகேப் தலைமையில் மக்கள் போய்த் தண்ணீர் குடித்தார்கள். அடி விழுந்தது, குளத்துக்குத் தீட்டுக் கழித்தார்கள். அந்த வருடக் கடைசியில் சாதி இந்துக்கள் நீதிமன்றம் போனார்கள். என்ன வாதம் தெரியுமா? அது பொதுக்குளமே அல்ல, தனியார் சொத்து! அதுவரை எந்த மதத்தவரும், ஆடுமாடும்கூடக் குடித்த குளம், நாம் கைவைத்ததும் தனியார் குளமாகிவிட்டது. வழக்கு உயர்நீதிமன்றத்தில் நமக்குச் சாதகமாக முடிய 1937 ஆனது. குனிந்து ஒரு கை தண்ணீர் அள்ளியதற்குப் பத்து வருட வழக்கு. சென்னை மாகாணத்தில் இரட்டைமலை சீனிவாசன் 1924இல் பொதுச் சாலை, பொதுக்கிணறு, பொது அலுவலகம் யாவும் எல்லா வகுப்பாருக்கும் உரியவை என்று சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்றினார். அந்தத் தீர்மானத்தின் முழு வேலையும் ‘பொது’ என்ற சொல்லுக்கு அதன் சொந்தப் பொருளைக் கொடுப்பதுதான்.

தமிழில் ‘மீன்’ போலவே விழுந்த சொல் ஒன்று இருக்கிறது. ‘புறம்போக்கு’. வருவாய்த் துறைக் கணக்கில் தீர்வை விதிக்கப்படாத நிலம், யாருடைய தனிப் பட்டாவிலும் இல்லாத நிலம். மேய்க்கால் புறம்போக்கு, ஏரிப் புறம்போக்கு, சுடுகாட்டுப் புறம்போக்கு என்று கிராமக் கணக்கில் இருக்கும். ஊருக்கெல்லாம் உரிய நிலம். ‘யெமேனெ’ என்ற பழைய ஆங்கிலச் சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான தமிழ் கிடைக்காது. அது இன்றைக்கு என்ன? தெருச்சண்டையில் வாயில் வரும் வசை. ஆங்கிலேயன் ஐந்நூறு வருடத்தில் செய்ததை நாம் அதைவிடச் சீக்கிரமாகச் செய்து முடித்தோம்.

ஏன் விழுந்தது என்று கேட்டால், அங்கே யார் குடியிருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். பட்டா இல்லாதவர்கள். பட்டா ஏன் இல்லை? செங்கல்பட்டு கலெக்டர் டிரெமென்ஹீர் 1891இல் பறையர்களின் நிலைமை பற்றி எழுதிய அறிக்கையில் இருக்கிறது. தரிசு நிலத்தை நம் ஆட்கள் திருத்திப் பயிரிடக் கேட்டால், மிராசுதார் முன்னுரிமை கோரித் தடுத்துவிடுவார். அந்த அறிக்கையைத் தொடர்ந்துதான் 1892இல் 1010 எண்ணுள்ள அரசாணையும் பஞ்சமி நிலங்களும் வந்தன. அந்த நிலங்கள் பிறகு யார் கைக்குப் போயின என்பது தனிக்கதை, அதற்காக இன்றும் நீங்கள் மனு எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். எண்ணூர்க் கழிமுகத்தைப் பற்றி கபேர் வாசுகி எழுத, டி. எம். கிருஷ்ணா பாடிய புறம்போக்குப் பாடல் 2017இல் வந்தபோது, அந்தச் சொல்லை மீட்டெடுக்க வேண்டும் என்று பலரும் எழுதினார்கள். நல்ல காரியம். நிலத்தை மீட்பது பற்றி எழுதியவர்கள் கொஞ்சம் குறைவு.

ஒரு சொல் தானாக அழுக்காவதில்லை என்பதற்குக் ‘காலனி’யும் சாட்சி. லத்தீனில் ‘கொலோனுஸ்’ என்றால் நிலத்தை உழுகிறவன். பேங்க் காலனி, ரயில்வே காலனி என்றால் யாரும் முகம் சுளிப்பதில்லை. வெறும் ‘காலனி’ என்றால் மட்டும் பேருந்தில் பக்கத்தில் இருப்பவர் ஒரு விரற்கடை நகர்ந்து உட்காருகிறார். ‘சேரி’யும் அப்படித்தான். ராஜராஜன் காலத்துத் தஞ்சைக் கல்வெட்டில் பறைச்சேரி, தீண்டாச்சேரியோடு கம்மாணச்சேரியும் உண்டு. பிராமணர் ஊர்களின் பிரிவுகளுக்கும் அன்று சேரி என்றே பெயர். மற்றவர்கள் அந்தச் சொல்லை விட்டு வெளியேறினார்கள், நம்மை உள்ளே வைத்துப் பூட்டினார்கள். 2025இல் ‘காலனி’ என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாகச் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். வரவேற்கிறேன். அடுத்து வைக்கும் பெயரும் எத்தனை வருடத்தில் வசையாகும் என்பது பெயரைப் பொறுத்ததல்ல.

மாணவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ‘ஓசி’ என்று ஒரு சாதி இருப்பதாக உங்களில் பலர் நினைக்கிறீர்கள். கல்லூரி விண்ணப்பங்களைத் திருத்திய அனுபவத்தில் சொல்கிறேன். ஓப்பன் காம்பெடிஷன் என்றால் எல்லோருக்கும் திறந்த போட்டி. தமிழ்நாட்டில் 69 விழுக்காடு இடஒதுக்கீடு போக மீதி 31 விழுக்காடு, மதிப்பெண் இருந்தால் நமக்கும் உரியது. அது யாருடைய ஒதுக்கீடும் அல்ல. தேர்தலில் ‘பொதுத்தொகுதி’ என்கிறோம். பொதுத்தொகுதியில் நம் ஆளை நிறுத்தக் கட்சிகளுக்கு எத்தனை தயக்கம் என்று பாருங்கள். ‘தனி’ என்று அறிவிக்கப்பட்ட ஊராட்சியிலோ, பாப்பாபட்டியும் கீரிப்பட்டியும் 1996 முதல் பத்து வருடம் தலைவரையே உட்கார விடவில்லை. மேலவளவில் 1997இல் தலைவர் முருகேசனை வெட்டிக் கொன்றார்கள். பொதுவிலும் இடமில்லை, தனியிலும் இடமில்லை.

திட்டுச் சொல்லைத் திருப்பிப் போடுவதும் நடந்திருக்கிறது. அமெரிக்கப் பேச்சுவழக்கில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து ‘மீன்’ என்பதற்கு அசத்தலான என்ற பொருளும் உண்டு. அவன் ‘மீன்’ டிரம்பெட் வாசிக்கிறான் என்றால் பிரமாதமாக வாசிக்கிறான் என்று அர்த்தம். நம்மிடம் அதற்கு முன்பே நடந்தது. 1893இல் இரட்டைமலை சீனிவாசன் பத்திரிகை தொடங்கியபோது, ஊரே வசையாக உச்சரித்த ‘பறையன்’ என்ற பெயரையே அதற்கு வைத்தார். அயோத்திதாசப் பண்டிதர் வேறு வழியில் போனார். 1907இல் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழில் வாரவாரம் சொற்களைத் தோண்டி, அவற்றுக்கு அடியில் பௌத்தம் புதைந்திருப்பதாகக் காட்டினார். அவருடைய வேர்ச்சொல் விளக்கங்கள் எல்லாவற்றையும் மொழியியலாளர்கள் ஏற்க மாட்டார்கள். நானும் சிலவற்றை ஏற்பதில்லை. ஆனால் அகராதி யார் கையில் இருக்கிறது என்ற கேள்வியை இந்த மண்ணில் உரக்கக் கேட்டவர் அவர்.

ஆசிரியர் கேட்ட விதத்தைச் சொல்லி முடிக்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஏப்ரல் 14க்கு எங்கள் தெருப் பையன்கள் போஸ்டர் அடித்தார்கள். கீழே ‘இங்ஙனம், ஊர்ப் பொதுமக்கள்’ என்று போட்டுவிட்டார்கள். தெரியாமல் போட்டார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். மறுநாள் காலை ஊர்த்தெருவில் கூட்டம். அமைதிப் பேச்சுவார்த்தைக்கு இரண்டு தரப்பையும் கூப்பிட்டார்கள். அதிகாரி நல்ல மாதிரியாகத்தான் பேசினார். “தம்பி, காலனிப் பொதுமக்கள்னு மாத்திக்கங்களேன். ஒரு வார்த்தைதானே, என்ன கெட்டுப்போச்சு?” என்றார். ஆசிரியர் கைத்தடியை ஊன்றிக்கொண்டு எழுந்தார். “மாத்திக்கிறோங்கய்யா. அவங்க தேர்த்திருவிழா போஸ்டர்லயும் மேலத்தெருப் பொதுமக்கள்னு மாத்திக்கச் சொல்லுங்க” என்றார். அறை அமைதியாகிவிட்டது. அதிகாரி கோப்பைப் புரட்டினார். அன்றைக்கு முடிவு எதுவும் ஆகவில்லை.

ஒரு வாரம் கழித்துக் கடிதம் வந்தது. மேற்படி சுவரொட்டி பொது அமைதிக்குக் குந்தகம் விளைவிப்பதால் அகற்றப்பட வேண்டும் என்று இருந்தது. அந்தக் கடிதம் இப்போது என்னிடம் இருக்கிறது. ஆசிரியருடைய வீட்டார் அவருடைய அகராதியோடு சேர்த்துக் கொடுத்தார்கள். அதில் ஒரே ஒரு சொல்லின் கீழே பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் அவர் கையெழுத்தில் ஆங்கிலத்தில் எழுதி வைத்திருக்கிறார், ‘மீன்’ என்று.